வலப்பக்கக் கட்டை

விஜயதசமி காலையில் தேத்தண்ணி குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் கணவர் மகேந்திரன் முந்தின நாள் பூஜையில் மிஞ்சிய பொரியை இரண்டு கை அள்ளிச் சட்டையின் வலப்பக்கப் பையில் போட்டுக்கொண்டார். அதில் கிடந்த பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டார். கடலை தின்றால் குதிரைக்கு வயிறு பொருமும் என்று குதிரைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் குருநாதன் எப்போதோ சொல்லியிருந்தார். குருநாதன் சொல்லி அவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

“கவர்ல போட்டுத் தரட்டா? பையெல்லாம் வெல்லம் ஒட்டுது,” என்றேன்.

“கவர் சத்தம் கேட்டா அது நடு எறக்கத்துல நின்னு திரும்பிப் பாக்கும். வேணாம்.”

அப்போதுதான் மேனேஜர் சுவாமிநாதனிடமிருந்து போன் வந்தது. பூங்கா வாசலில் அதற்குள் நான்கு டூரிஸ்ட் பஸ் வந்துவிட்டதாம். எட்டு மணிக்கு வருகிற வேலை வேண்டாம், கொட்டகைக்கு இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது, உடனே வந்து டிராமைக் கீழே இறக்கு என்றார். மணி அப்போது ஆறேகால். வெளியே மஞ்சு இறங்கி எதிர்வீட்டுக் கதவு கூடத் தெரியவில்லை.

அவர் செருப்பை மாட்டும்போது சொன்னேன். “நேத்து சாயங்காலம் அந்தக் குருநாதன் உங்க வண்டிகிட்ட குத்த வச்சு உக்காந்திருந்தாரு. கையில டின்னு வேற. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“அவரு மனுசங்ககிட்டப் பேசுறதைவிட வண்டிகிட்டதான் அதிகம் பேசுவாரு. மகாராணி, உன் சந்தேகத்துக்கு ஒரு சம்பளம் போட்டாங்கன்னா நாம பங்களா கட்டிரலாம்,” என்று சிரித்துக்கொண்டே போனார்.

என் பெயரே மகாராணிதான். டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் பெயர் மகாராணி என்று பலகையைப் படித்துவிட்டுச் சிரிக்காத சுற்றுலாக்காரர் குறைவு.

நாங்கள் வேலை பார்த்த பூங்கா கொடைக்கானலில் அட்டுவம்பட்டியைத் தாண்டி ஒரு பழைய பேரிக்காய்த் தோட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தெரு ஒன்றை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி விளக்குக் கம்பங்கள், பாண் ரொட்டி சுடுகிற கடை, மணிக்கூண்டு, எல்லாம் உண்டு. தெரு மேலே, நுழைவாயில் கீழே. வாயிலில் இருந்து ஆட்களை ஏற்றித் தெருவுக்குக் கொண்டுபோய், பிறகு இறக்கிவிட ஒரு டிராம் வண்டி. பன்னிரண்டு பேர் உட்காரலாம். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும். இழுப்பது ஒரே ஒரு குதிரை. பலகையில் அதற்குப் பிரின்ஸ் என்று பெயர். என் கணவர் சீனி என்று கூப்பிடுவார். வெள்ளைக் குதிரை. எங்கள் வீடுகளில் இன்னும் சர்க்கரையைச் சீனி என்றுதான் சொல்வோம். அம்மாவும் அப்பாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொற்களில் அதுவும் ஒன்று.

வண்டி இராத்திரி மேலே கொட்டகையில் நிற்கும். காலையில் முதல் நடை ஆளில்லாமல் காலியாக இறங்கும். கொட்டகையிலிருந்து கொஞ்சம் சமதளம், பிறகு ஒரு பேரி மரம், அதற்கப்புறம் சரிவு. பேரி மரத்தடியில் என் கணவர் வண்டியை நிறுத்தி இறங்கி, சீனிக்குப் பையிலிருந்து பொரியோ கேரட்டோ கொடுத்துவிட்டு, ஏறி, பிரேக் சக்கரத்தைத் திருகிக்கொண்டே சரிவில் இறக்குவார். சீனி அந்த இடத்தில் தானாக நிற்கப் பழகியிருந்தது. நின்று கழுத்தை வலப்பக்கம் திருப்பும்.

குருநாதன் பழனிக்காரர். அடிவாரத்தில் அவர் குடும்பம் பக்தர்களுக்குக் குதிரை வண்டி ஓட்டியது. அவர் தம்பி இன்னும் பஞ்சாமிர்தக் கடையில் இருக்கிறார். டிராம் ஓட்டத்தான் அவரைக் கூட்டிவந்தார்கள். ஆனால் சீனி அவருக்கு அடங்கவில்லை. ஏரிக்கரையில் சவாரிக் குதிரைக்குப் பின்னால் ஓடி வளர்ந்த என் கணவரிடம் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. சுவாமிநாதன் ஓட்டுகிற வேலையை இவருக்குக் கொடுத்துவிட்டு, தீனியும் சேணமும் கொட்டகையும் குருநாதன் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். நல்ல சட்டையும் தொப்பியும் இவருக்கு. சாணி அள்ளுகிற சட்டி அவருக்கு.

ஆவணியில் ஒரு நாள் குருநாதன் சீனியின் பிடரி மயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார். பேன் பிடிக்கிறது என்றார். என் கணவர் கேண்டீனில் எல்லோரும் இருக்கும்போது, “பாருங்கடா, பழனிக்காரரு குதிரைக்கும் முடியிறக்கிட்டாரு. சந்தனம் தடவலையாண்ணே?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

குருநாதன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிறபோது நின்று, “சிரிங்க. எறக்கத்துல நீங்க கட்டையப் போடுறது ரொம்ப லேட்டு தம்பி. ஒருநாள் கட்டை பிடிக்காமப் போகும், அன்னைக்குத் தெரியும்,” என்றார்.

அந்தச் சொற்களை நான் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை.

அந்த வருஷம்தான் டிராமுக்கு முதல் ஆயுத பூஜை. மத்தியானத்தோடு பூங்காவை மூடிவிட்டார்கள். என் கணவர் சீனியைக் குளிப்பாட்டக் கீழே குளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நானும், கூட்டுகிற வேலை பார்க்கும் கந்தம்மாள் அக்காவும், இன்னும் இரண்டு பெண்களும் வண்டியைத் துடைத்தோம். பித்தளைக் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்தோம். மரம், இரும்பு எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டோம். எண்ணெய் நான் வீட்டிலிருந்து கொண்டுபோனது. கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து வெள்ளையாகிவிடும். கேண்டீன் அடுப்பில் வைத்து உருக்கித்தான் ஊற்றினேன். சக்கரங்களை ஒட்டி, சக்கரத்துக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்த நான்கு மரக்கட்டைகள் கறுத்துக் காய்ந்து கிடந்தன.

“இதென்னக்கா, இதுக்கு எண்ணெயே காட்டல போல,” என்று அவற்றுக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். பூசிச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவை என்ன கட்டை என்று நான் கேட்கவில்லை.

மாலையில் பூஜை. சுவாமிநாதன் பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க, என் கணவர் வண்டியைக் கையாலேயே ஒரு சாண் தள்ளிப் பின்னால் இழுத்தார். பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தோம். பாதி வழியில் எனக்குத் தாம்பாளத்தை விட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பிப் போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் விளக்குப் போடவில்லை. டிராமுக்கு இடப்பக்கம் குருநாதன் குந்தியிருந்தார். ஒரு கையில் சாக்குத் துணி. காலடியில் டின்.

“என்னண்ணே பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டார். அந்தத் திடுக்கிடலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லம்மா. இந்தக் கட்டைய...”

“பூச போட்ட சாமானை மறுநாள் வரைக்கும் தொடலாமா? குங்குமம் வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? கோயில் ஊர்க்காரரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?”

அவர் சக்கரத்தைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார். துணியில் குங்குமம் ஒட்டியிருந்தது. சட்டென்று அதை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“தொடக்கூடாதுதான்,” என்றார். “காலையில வெள்ளனே வந்து பாத்துக்கிறேன்.”

“என்னத்தப் பாத்துக்கிறீங்க?”

அவர் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் கொட்டகையைப் பூட்டுகிற வரை நான் அங்கேயே நின்றேன். தாம்பாளத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை விபத்து நடந்தபோது நான் வாயிலுக்கு வந்துகொண்டிருந்தேன். மஞ்சுக்குள் முதலில் சீனி மட்டும் வந்தது. வண்டி இல்லை. சேணத்துக் கயிறுகள் தரையில் இழுபட்டன. பஸ்ஸில் வந்தவர்கள் அதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் செல்போனைத் தூக்கினார்கள். பிறகுதான் மேலே பெரிய சத்தம்.

சரிவில் பாதியில் வண்டி பிடி விட்டிருக்கிறது. பின்னாலிருந்து குதிரையை முட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அவர் குதித்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். குதிக்காமல் முன்னால் குனிந்து, குதிரையையும் வண்டியையும் சேர்க்கும் கொக்கியை எடுத்துவிட்டிருக்கிறார். சீனி ஒதுங்கி ஓடிவிட்டது. வண்டி வளைவில் தண்டவாளத்தை விட்டு, வலப்பக்கமாகச் சாய்ந்தது. அவர் அந்தப் பக்கம் இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே பொரி சிதறியிருந்தது. பக்கத்தில் குருநாதன் மண்டியிட்டிருந்தார். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் சுவாமிநாதன், டிரைவர் குடித்திருப்பான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆஸ்பத்திரி அறிக்கை அதைப் பொய்யாக்கியது. என் சந்தேகம் முதலில் அவர் மேல்தான் போயிற்று. ஏன் அவ்வளவு சீக்கிரம் வரச் சொன்னார்? பிறகு, பிரேக்கில் எண்ணெய் இருந்தது, அதனால்தான் பிடிக்கவில்லை என்று போலீஸ் சொன்னதாகக் கந்தம்மாள் அக்கா வந்து சொன்னாள்.

எண்ணெய் என்றதும் எனக்கு டின்தான் ஞாபகம் வந்தது. சத்தியமாக என் பாட்டில் ஞாபகம் வரவில்லை. நான் துடைத்தது வண்டியை. பிரேக் என்பது ஓட்டுகிறவர் கையிலிருக்கும் அந்த இரும்புச் சக்கரம் என்றும், குருநாதன் கட்டை என்று சொன்னதும் அதைத்தான் என்றும் நினைத்திருந்தேன்.

“கண்ணால பாத்தவ நீ ஒருத்திதான். நீ சொல்லலன்னா வேற யாருடி சொல்லுவா?” என்றாள் அக்கா. “முடியிறக்குனான்னு சிரிச்சீகள்ல, அன்னைக்கே அவன் மூஞ்சியப் பாத்தேன். விசத்தை முழுங்குன மாதிரி இருந்துச்சு.”

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஆவணி மாதத்துச் சண்டை, அவர் சொன்ன சொல், டின், மறைத்த துணி, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்த பெண் காவலர் சொன்னார். குருநாதனைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு விட்டார்கள். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்றார்கள். பூங்கா அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. எங்கள் காலனிக் கடையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் எதிர்ச்சாரியில் நடந்து போனார். சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. குற்றம் செய்தவனுக்குத்தான் இப்படிக் கவனம் சிதறும் என்று நினைத்தேன். அவர் நன்றாக உடுத்தியிருந்தாலும் வேறு ஏதாவது நினைத்திருப்பேன்.

அவர் கொடுத்த வாக்குமூலம் என்ன என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பொய்யாகத்தானே இருக்கும்.

ஐப்பசிக் கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். கேண்டீனில் வைத்து விசாரித்தார். நான் சொல்வதை உறுதிசெய்தால் வழக்குக் கொலை வழக்காகும் என்று சுவாமிநாதன் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். “அந்தாளுக்கு ஜாமீன்கூடக் கெடைக்காதும்மா. நீங்க தெளிவாச் சொல்லுங்க, போதும்.” குருநாதன் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மேசையில் நான்கு கட்டைகள், பாலித்தீன் பையில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்திருந்தன. அப்போதுதான் அவற்றை வண்டியிலிருந்து தனியே பார்த்தேன். சக்கரத்தோடு சேரும் பக்கம் வளைவாகச் செதுக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன்.

“இந்த ரெண்டு இடப்பக்கத்தது,” என்றார் அதிகாரி. “இதுல எண்ணெய் இல்ல. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கு. இந்த ரெண்டு வலப்பக்கம். இதுல எண்ணெய் இருக்கு. தேங்காய் எண்ணெய். ராத்திரி குளிர்ல மெழுகு மாதிரி உறைஞ்சிருக்கும். காலைல கொட்டகையில டிரைவர் போட்டுப் பாத்தப்பப் பிடிச்ச மாதிரிதான் இருந்திருக்கும். எறக்கத்துல தேஞ்சு சூடானதும் உருகிருச்சு. நீங்க பாத்தது எந்தப் பக்கம்மா?”

“இடப்பக்கம்,” என்றேன்.

“அவரு எண்ணெய் வச்சாருன்னா எடதுபக்கத்துலல்ல எண்ணெய் இருக்கணும்?”

வலப்பக்கத்துக் கட்டை ஒன்றின் மேல்விளிம்பில் சந்தனப் பொட்டு காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. அதற்குக் கீழே, உறைந்த எண்ணெய்க்குள், ஒரு வெந்தயம் ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை நான் வெந்தயம் போட்டுக் காய்ச்சுவேன். வடிகட்ட மாட்டேன். பாட்டிலின் அடியில் வெந்தயம் கிடந்தால்தான் குளிர்ச்சி என்று அம்மா சொல்வார். மகேந்திரனின் தலையணை உறையில் அந்த வாசனை அப்போதும் இருந்தது.

கட்டையின் பையைத் திறக்கச் சொன்னேன். அதிகாரி யோசித்துவிட்டுத் திறந்தார். முகர்ந்து பார்த்தேன்.

“இது என் எண்ணெய் சார்,” என்றேன்.

சுவாமிநாதன், “அம்மா, நீங்க மனசு சரியில்லாம...” என்று ஆரம்பித்தார்.

“நாலுலயும் நான்தான் பூசுனேன். பூசைக்கு. இது பிரேக்குன்னு எனக்குத் தெரியாது. அவரு அதைத் துடைச்சிட்டு இருந்திருக்காரு. பூச போட்டதைத் தொடக்கூடாதுன்னு நான்தான் அதட்டி எந்திரிக்க வச்சேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். கந்தம்மாள் அக்கா கதவருகே நின்றிருந்தாள், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு. எண்ணெய் பூசும்போது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்ததா, இல்லையா? இதுவரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது என் குடத்தை முன்னால் தள்ளி வைக்கிறாள். முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டாள்.

எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கியபின் வெளியே வந்தேன். குருநாதன் படிக்கட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தார். அவரைத் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தேன். ஆனாலும் நின்றேன்.

“ஸ்டேஷன்ல நீங்க சொல்லலையாண்ணே? துடைச்சேன்னு?”

“சொன்னேன். யாரு பூசுனதுன்னு கேட்டாங்க. பொம்பளைக எல்லாம் சேந்து துடைச்சாகன்னேன். எந்தப் பொம்பளைன்னாங்க. பாக்கலன்னுட்டேன்.”

“பாத்தீங்கள்ல?”

“பாத்தேன்.” பீடியைக் காதில் செருகிக்கொண்டார். “தாலியறுத்த பொம்பளைகிட்டப் போயி நீதான்னு எப்படிம்மா சொல்றது? அதுக்காக உங்கமேல கோவம் இல்லேன்னு நெனச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டே ரெண்டு கட்டை. பத்து நிமிசச் சோலி. நீங்க அதட்டாம இருந்திருந்தா...”

காதிலிருந்த பீடியை மறுபடி கையில் எடுத்தார்.

“நானாவது எந்திரிக்காம இருந்திருக்கணும்,” என்றார். “குங்குமத்தைப் பாத்ததும் எனக்கும் கை கூசிருச்சு. காலைல ஏழு மணிக்கு வந்தேன். வண்டி இல்ல.”

அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. மன்னிப்புக் கேட்டேனா என்று சரியாக ஞாபகம் இல்லை. கேட்டதாகத்தான் நினைக்கிறேன்.

சில நாள் எனக்கு வேறு மாதிரியும் தோன்றும். பூட்டிவிட்டுப் போகிற வழியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தம்பி, கட்டையில் எண்ணெய் இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முடியிறக்கினவர் என்று சிரித்த வீட்டுக்கு ஏன் போகவேண்டும் என்று நினைத்தாரோ. அல்லது காலையில் போதும் என்றுதான் நினைத்தாரோ. ஒரு மனிதர் குற்றமற்றவர் என்று நிரூபணமான பிறகும் என் மனம் இப்படித் துருவிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது அது பெரும்பாலும் என் பக்கமே திரும்பியிருக்கிறது. அன்று மாலை அவரை அதட்டியது சாமிக்காகவா, அல்லது என் கணவரோடு மல்லுக்கு நின்ற ஆள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷத்திலா?

என்மேல் வழக்கு வரவில்லை. தெரியாமல் நடந்தது என்று எழுதி முடித்தார்கள். தை பிறந்ததும் டிராம் மறுபடி ஓடத் தொடங்கியது. புதுக் கட்டைகள் போட்டிருக்கிறார்கள். கொட்டகைச் சுவரில், வண்டியில் எண்ணெய், சந்தனம், குங்குமம் வைக்கக்கூடாது என்று சுவாமிநாதன் தாள் ஒட்டியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு இப்போது டிராமுக்கு வெறும் மாலை மட்டும்தான்.

குருநாதன்தான் ஓட்டுகிறார். அந்தத் தொப்பியைப் போட மறுத்துவிட்டாராம். என் சன்னலிலிருந்து பார்த்தால், மஞ்சு இல்லாத நாளில், சரிவின் தலை தெரியும். அவர் பையில் பொரியோ கேரட்டோ வைத்துக்கொள்வதில்லை. வண்டியிலிருந்து இறங்குவதும் இல்லை. நான்கு வருஷமாகிறது. சீனி பேரி மரத்தடியில் தானாக நின்று, கழுத்தை வலப்பக்கம் திருப்புகிறது.